எலி ஊருக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

"அங்க போய் என்னம்மா பண்ணப் போற?" என்று ஆரம்பித்தார் விசாரணை ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்தவர்.

பஸ் நிலையத்தில் அவருக்கு ரேடியோ என்று பெயர். வாயைத் திறந்தால் அணைக்க முடியாது என்பதால் டிரைவர்கள் வைத்தது.

வெளியே நின்ற பெண்ணுக்கு இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். தோளில் ஒரு கனமான பை. கடைசி ஊருக்குப் போகும் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள், அவ்வளவுதான்.

பஸ் பாதை முடியும் அந்தக் கடைசி ஊரைத்தான் இப்போது எல்லோரும் எலி ஊர் என்கிறார்கள். அறுவடை முடிந்த கையோடு வயல் எலியெல்லாம் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. பின்னாலேயே காய்ச்சலும் வந்தது.

சாலையை மூடவில்லை. போகிறவர்களிடம் விவரம் சொல்லி அனுப்பவும் என்று சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு தாள் மட்டும் வந்தது. தரையில் படுக்காதீர்கள், தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நடக்காதீர்கள், மூடி வைக்காத எதையும் தின்னாதீர்கள். கடைசி வரியில், இதுவரை இறந்தவர்கள் நான்கு பேர்.

முதல் வாரம் ரேடியோ தாளில் இருந்ததை அப்படியே படித்தார். யார் கேட்டார்கள்? நாலு பேர்தானே என்று சிரித்துக்கொண்டே ஏறிப் போனார்கள்.

அப்படிப் போனவர்களில் அவருடைய மகளும் ஒருத்தி. மாமியார் காய்ச்சலில் கிடக்கும்போது மருமகள் இங்கே உட்கார்ந்திருந்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்றாள்.

இப்போது அவளுக்கே காய்ச்சல். இன்றோடு நாலு நாள். காய்ச்சல்காரர்களைப் பஸ்ஸில் ஏற்றக் கூடாதென்று உத்தரவு. அந்த ஊர் நர்சும் படுத்த படுக்கை. விடியற்காலையில் மாப்பிள்ளை போன் செய்து, இன்றைக்காவது ஊசி போடாவிட்டால் தாங்காது மாமா என்று அழுதார். மனுஷன் அழுது ரேடியோ கேட்டதே இல்லை.

இன்று மருத்துவக் குழு வருகிறது என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். வழி கேட்க வேன் எப்படியும் இந்தப் பக்கம்தான் வர வேண்டும். அதனால் ஒரு கண் வாசலில், ஒரு கண் அந்தப் பெண்ணிடம்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ரேடியோவிடம் அது நடக்குமா?

தூங்குகிறவன் குதிகாலை எலி கொறித்ததைச் சொன்னார். தொட்டில் கயிற்றைக் கடித்ததைச் சொன்னார். சோப்பைத் தின்று, மின்சார ஒயரைத் தின்று, ஊரே இருட்டில் கிடப்பதைச் சொன்னார். பாதி மாப்பிள்ளை சொன்னது. மீதி, கண் காது மூக்கு வைத்த சொந்தச் சரக்கு.

அவள் இமைக்காமல் கேட்டாள். பையின் வாரைக் கை இறுக்கிப் பிடித்திருந்தது.

"எத்தனை பேர் செத்துட்டாங்க சார்?"

"நாப்பதைத் தாண்டியாச்சு. வெளியில சொல்றதில்லம்மா."

பத்து நாளாக இதைத்தான் சொல்கிறார். பொய் சொல்லி ஓர் உயிர் தப்பினால் அது பாவத்தில் சேராது என்பது அவர் கட்சி. மகள் கிளம்பிய முதல் வாரத்தில் அவளிடமும் தாளில் உள்ளபடி நாலு என்றுதான் சொன்னார். அந்த உண்மைதான் அவளைப் பஸ் ஏற்றி அனுப்பியது.

அந்தப் பெண் தோளில் கிடந்த பையை ஒருமுறை குனிந்து பார்த்தாள்.

"வீட்ல நான் ஒரே பொண்ணு சார்," என்றாள், யாரிடமோ அனுமதி கேட்பதுபோல.

"அப்புறம் என்னம்மா யோசனை? உன்னைப் பெத்தவங்களைக் கொஞ்சம் நினைச்சுப் பாரு."

டவுனுக்குத் திரும்பும் பஸ் எதிரிலேயே உறுமிக்கொண்டிருந்தது. அவரே எழுந்து வெளியே வந்து காட்டினார். ஏறும்போது அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. எங்கிருந்தாலும் நல்லா இரு தாயே என்று மனதுக்குள் வாழ்த்தினார். என் பெண்ணைத்தான் தடுக்க முடியவில்லை, யார் பெற்ற பெண்ணோ இவளாவது பிழைத்தாள். காலையிலிருந்து நெஞ்சுக்குள் கிடந்த பாரம் ஓர் இம்மி இறங்கியது.

பத்தேகாலுக்கு எலி ஊர் பஸ் கிளம்பியது. நாளுக்கு அது ஒன்றுதான். உள்ளே மூன்றே மூன்று பேர்.

பத்தரை ஆயிற்று. பத்தே முக்கால் ஆயிற்று. வேனைக் காணோம்.

பொறுக்க முடியாமல் சுகாதார அலுவலகத்துக்குப் போன் செய்தார். எடுத்த அதிகாரி அலுத்துப் போன குரலில் பேசினார்.

"குழுவாவது, வேனாவது. இருந்தது ஒரே ஒரு நர்ஸ், புதுசா சேர்ந்த பொண்ணு. யாரும் ஒத்துக்காதப்ப நான் போறேன்னு சொன்னா. மருந்தைக் கொடுத்து, விசாரணையில கேட்டுப் பஸ் ஏறுன்னு அனுப்பினோம். இப்ப பாதி வழியில இருந்து போன் பண்றா, வேலையே வேணாமாம். அங்க நாப்பது பேர் செத்துட்டாங்கன்னு எவனோ சொல்லியிருக்கான். இனிமே அனுப்ப எங்ககிட்ட ஆள் இல்லங்க."

ரேடியோ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க அங்கேயேதானே இருக்கீங்க, யார் இப்படிக் கிளப்பி விடறாங்கன்னு தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

"தெரியலீங்க," என்றார் அவர். "இங்கயும் எல்லாரும் அப்படித்தான் பேசிக்கறாங்க."