குழந்தையின் வாய்மொழி

தேநீர்க் கோப்பை ஹெட்டியின் காதோரம் பறந்து சுவரில் மோதிச் சிதறியது. எறிந்தவன் டாரன். ஆறடிக்கு மேல் உயரம், மீன் சந்தையில் பெட்டி தூக்குகிறவன்.

"எம் புள்ளைக்கு நான் சூடு வெச்சேனா? எவ சொன்னா? நீ எத்தனை புள்ள பெத்தவ, என்கிட்ட கேக்க வந்துட்ட?"

ஹெட்டி நகராட்சியின் குழந்தைகள் நலப் பிரிவில் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது. முதல் வருடத்தில் மூத்தவர் ஒருவர் மூன்று முறை கூடவே வந்து, வேலையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் உத்தியோகம் நிலைக்கும். இது மூன்றாவது முறை. மேலாளர் பெவர்லி வாசலில் பேனாவோடு நின்றுகொண்டிருந்தாள்.

காலையில் பள்ளியிலிருந்து தகவல் வந்திருந்தது. ஆறு வயது எல்சியின் முதுகில் மூன்று தீக்காயங்கள். யார் என்று கேட்டால் பிள்ளை வாயே திறக்கவில்லை.

"சத்தம் போடாதீங்க டாரன். எல்சி பயப்படுறா."

"பயப்படுறாளா? என்னைப் பாத்தா?"

நாற்காலியைத் தூக்கி டிவியில் அடித்தான். கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. எல்சி அலறிக்கொண்டு ஓடிவந்து அவன் காலையே கட்டிக்கொண்டாள். அடிக்கிற கையைத்தான் பிள்ளைகள் இறுகப் பற்றும் என்று ஹெட்டி கல்லூரியில் படித்திருந்தாள். வேலியே பயிரை மேய்ந்தால் பயிர் எங்கே போகும், பாவம்!

எல்சியின் அம்மா லீயான் குரலே உயர்த்தவில்லை. "பாத்தீங்கல்ல? வாரம் பூரா இதே கூத்துதான்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஹெட்டி எல்சியின் கையைப் பிடித்து இழுத்ததுதான் தாமதம், டாரன் ஹெட்டியின் சட்டைக் காலரைப் பற்றி அவளைச் சுவரோடு மோதினான். பின்மண்டை 'ணங்'கென்றது. பல் பட்டு உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் வழிந்தது.

"அடிங்க. அடிச்சுக் கொன்னாலும் சரி, இந்த வீட்டுல நீங்க இனிமே இருக்கப்போறதில்ல!" என்றாள் ஹெட்டி.

பெவர்லி கூப்பிட்டிருந்த போலீஸ் அதற்குள் வந்துவிட்டது. இரண்டு பேர் அவனைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றினார்கள். பல்லொன்று உடைந்து தரையில் தெறித்தது. விலங்கு மாட்டும்வரை திமிறினான்.

"எல்சிய என்கிட்டேர்ந்து பிரிக்காதீங்கடா! என்னை என்ன வேணா பண்ணுங்க!"

வண்டிக் கதவு மூடியதும் தெரு அமைதியானது. அப்பா இனி இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது, பிள்ளை அம்மாவின் பொறுப்பில் இருக்கும் என்று ஹெட்டி தாளில் எழுதினாள். லீயான் மடமடவென்று கையெழுத்துப் போட்டாள்.

"பாஸ் பண்ணிட்டே கண்ணு. எங்க ஆபீஸ்ல பத்து வருஷம் ஆனவங்ககூட இப்படி நின்னதில்ல" என்று பெவர்லியும் தன் பங்குக்குக் கையெழுத்திட்டாள்.

ஹெட்டிக்கு உதடு வலித்தது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம்!

படிவத்தில் 'குழந்தையின் வாய்மொழி' என்ற கட்டம் மட்டும் பாக்கி. பிள்ளையைத் தனியே பார்த்து, அது சொல்வதை அப்படியே எழுத வேண்டும். முதலில் செய்ய வேண்டிய காரியம்தான். அந்த அமளியில் எங்கே நேரம்?

எல்சியை மாடி அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவள் முன்னால் மண்டியிட்டாள்.

"இனிமே பயமில்ல செல்லம். அப்பா வரமாட்டாரு. இங்க நீயும் அம்மாவும் மட்டும்தான்."

எல்சி சாத்திய கதவை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஹெட்டியின் காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள்:

"அப்பா இல்லாதப்பதான் அம்மா சூடு வெப்பாங்க."