செத்தவீட்டுச் சிம்பொனி

"கேட்டீங்களோ கூத்தை? செத்தவீட்டில பாட்டுப் போட்டிருக்கிறார் மனிசன்!"

யசிந்தாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பின்னேரச் செபத்துக்கு வந்த பெண்கள் எல்லாரும் அருளப்பு வீட்டுப் படலை வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

லண்டனில் அவருடைய மகள் ஜெனுஷா கார் மோதிச் செத்து இரண்டு கிழமை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அப்பனுக்கு விசா கிடைக்கவில்லை. தாயும் இல்லாத பிள்ளை, பாவம்.

முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை துக்க வீட்டில் றேடியோகூடப் போடக்கூடாது. மன்னாரில் இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

"ஒற்றைப் பிள்ளையைப் பறிகுடுத்த ஆள் செய்யிற வேலையோ இது?"

"நில்லுங்கோ, நான் போய்க் கேக்கிறன்."

யசிந்தா விறுவிறென்று உள்ளே போனாள். மேசையில் போன், பக்கத்தில் ஸ்பீக்கர். முன்னால் கதிரையில் அருளப்பு.

"வெக்கமாயில்லையோ அண்ணை? ஊர் காறித் துப்புது. நிப்பாட்டுங்கோ!"

"கொஞ்சம் பொறு தங்கச்சி. இண்டைக்குத்தான் லண்டனில இருந்து வந்தது. ஆரோ ஒரு இங்கிலீஷ்காரன் எழுதின சிம்பொனியாம். அங்கயே கனபேர் கேட்டதில்லையாம். நானும் இப்பதான் முதல் தரம் கேக்கிறன்... ஜெனுஷான்ர குழு வாசிக்குது."

 ஜெனுஷா கோயில் பாண்ட் குழுவில் புல்லாங்குழல் பழகிய பிள்ளை. லண்டனுக்குப் போயும் வேலை முடிந்த கையோடு குழுவில் வாசிக்க ஓடுவாளாம். ஊருக்கே தெரியும்.

யசிந்தாவும் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் வயலின்கள் எல்லாம் ஒன்றாக எழும்பியபோது ஏனோ அழுகை வந்தது.

"இதில எங்கட பிள்ளை எங்க அண்ணை?"

"இனித்தான். எல்லாரும் ஓய்ஞ்சு, புல்லாங்குழல் மட்டும் தனிய வாற இடமாம்."

வயலின்கள் அடங்கின. அருளப்பு ஸ்பீக்கரின் சத்தத்தை இன்னும் கூட்டினார்.

ஒரு சத்தமும் வரவில்லை.

யசிந்தா பதறிப்போனாள். "ஐயோ, நேரம் பாத்து நிண்டுபோச்சே! நெட் இல்லையோ?" என்று போனைத் தட்டப் போனாள்.

அருளப்பு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். 

"தொடாத தங்கச்சி. நிக்கேல்லை. இது அவளின்ர குழு முந்தநாள் வாசிச்சது. என்ர பிள்ளை வாசிக்கிற இடத்தை ஒருத்தருக்கும் குடுக்காமல் அப்படியே விட்டிருக்கினம்."