சிக்கு விழாத ரீல்

"ஏனுங்க, இந்தத் தூண்டில் ரீலுல எத்தனை பேரிங்குங்க?"

"அஞ்சுங்க."

"பக்கத்துல இருக்கறதுல?"

"பன்னெண்டுங்க. வெலையும் ஏழாயிரமுங்க. விரால் புடிக்க அஞ்சு பேரிங்கே தாராளமுங்க. மிச்சமெல்லாம் பொட்டி மேல போட்டுக்கற பெருமைக்குத்தானுங்க."

சொல்லிவிட்டுக் கிருபாசங்கர் அந்த மனிதரை ஓரக்கண்ணால் பார்த்தான். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பாதித் தலை வழுக்கை, பையில் மூக்குக் கண்ணாடி. சந்தேகமே இல்லை, இவர்தான்.

உக்கடத்தில் அவன் தூண்டில் கடை வைத்து ஆறு வருடம் ஆகிறது. வயது முப்பத்து மூன்று. பையன் தூண்டில் விற்கிறான் என்று கேட்டதுமே ஐந்து பெண் வீட்டார் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போயிருந்தார்கள். ஆறாவது இடம் அவிநாசி. பெண் பெயர் நந்திதா. ஜாதகம் பொருந்திவிட்டது. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து கிருபாசங்கர் வாடிக்கையாளர்களுக்குச் சில்லறையைத் தப்புத் தப்பாகக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

காலையில்தான் அம்மா போனில் எச்சரித்திருந்தாள்.

"கண்ணு, பொண்ணோட பெரியப்பா நஞ்சுண்டன்னு ஒருத்தரு. அவரு தலையாட்டுனாத்தான் அந்த வூட்ல எதுவும் நடக்குமாம். மீன் புடிக்கற கிறுக்கு வேற இருக்குதாம். இந்த வாரத்துல சும்மா ரீலு வாங்க வந்தவராட்டம் கடைக்கு வந்து உன்னையப் பாத்துட்டுப் போவாருன்னு புரோக்கர் சொல்றாரு. நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே."

மாப்பிள்ளை விசாரிப்பது இந்தப் பக்கத்தில் அப்படித்தான். டீக்கடை, பால்காரர், பக்கத்து வீடு என்று நாலு இடத்தில் கேட்டு முடித்த பிறகுதான் வாசலுக்கே வருவார்கள்.

"இந்த பெய்ட்காஸ்டிங் ரீலுல நூலு சிக்கு விழுமாமுங்களே?" என்றார் அவர், ஒன்றும் தெரியாதவர்போல. என்ன நடிப்பு என்று கிருபாசங்கர் மனதுக்குள் மெச்சிக்கொண்டான்.

"விழுமுங்க. வீசறப்ப உருளை வேகமாச் சுத்துனா நூலு குருவிக்கூடாட்டம் ஆயிரும். இதுல காந்த பிரேக் இருக்குது. கை பழகற வரைக்கும் அதைக் கூட்டி வெச்சுக்கலாமுங்க மாமா."

மாமா என்று வாய் தவறி வந்துவிட்டது. அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டார், முகம் சற்று வாடியது. அவசரப்பட்டுவிட்டோமே என்று இவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எந்தக் குளத்துக்குங்க?" என்று பேச்சை மாற்றினான்.

"அவிநாசிப் பக்கமுங்க."

இருந்த துளிச் சந்தேகமும் போயிற்று.

"கடை சொந்தமுங்களா, வாடகைங்களா?"

வந்துவிட்டது கேள்வி. கிருபாசங்கர் நிமிர்ந்து நின்றான்.

"சொந்தமுங்க. மதுக்கரைப் பக்கம் நாலு ஏக்கர் தோப்பு இருக்குது. அக்காவைக் கட்டிக் குடுத்தாச்சுங்க. எனக்கு பீடி, சிகரெட்டு, தண்ணி எதுவும் கெடையாதுங்க."

அவர் கையிலிருந்த ரீலைத் திருப்பிப் பார்த்தார்.

"இல்லீங்க, நாளைக்கு ரிப்பேருன்னா கடை இங்கயே இருக்குமான்னு கேட்டனுங்க."

"ஆயுசுக்கும் இருக்குமுங்க."

கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் வீசிக் காட்டினான். தூண்டில் முனையில் கட்டிய ஈயக்குண்டு நாற்பதடி போய், குறி வைத்த வாளிக்குள்ளேயே விழுந்தது. அடுத்து அவர் வீசினார். குண்டு காலடியில் விழுந்தது, ரீலுக்குள் நூல் புதராக எழும்பியது. கிருபாசங்கர் கீழே குந்தி உட்கார்ந்து, இருபது நிமிடம் ஒவ்வொரு சுற்றாகச் சிக்கெடுத்தான். முகத்தில் புன்னகை மாறவேயில்லை. வேறு யாராவதாக இருந்தால் கத்தரிக்கோலைத்தான் எடுத்திருப்பான்.

"உங்களுக்கு ரொம்பப் பொறுமைங்க" என்றார் அவர். "வூட்டுக்கு வரப்போறவங்க குடுத்து வெச்சவங்க."

கிருபாசங்கருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. அந்த ஐந்து பேரிங் ரீலைத் துடைத்து, நூல் சுற்றி, பிரேக்கைச் சரிபார்த்து, வாங்கிய விலைக்கே கொடுத்தான். கூடவே விராலுக்கு இரையாக மாட்டும் ரப்பர் தவளை இரண்டை இனாமாகப் போட்டான்.

"அட, எதுக்குங்க இதெல்லாம்?"

"இருக்கட்டுமுங்க. நமக்குள்ள என்னங்க."

அவர் தயங்கி நின்றார். "இதை கிஃப்ட் பேப்பர்ல சுத்தித் தர முடியுமுங்களா? ஒரு கார்டும் எழுதி ஒட்டிருங்க. என்ற கையெழுத்து கோழி கிளறுனாப்பல இருக்கும்."

பரிசா? தூண்டில்காரனைப் பிடித்துப்போன பெண் வீட்டார் அவனுக்கு வேறென்ன பரிசு தருவார்கள்? எதற்கும் இருக்கட்டும் என்று தங்கநிறத் தாளையே தேடி எடுத்துச் சுற்றினான். கார்டைப் பிரித்து, பேனாவைத் திறந்தான்.

"யாருக்குன்னு எழுதட்டுமுங்க?"

அந்த மனிதர் வெட்கப்பட்டுக்கொண்டே வழுக்கையை மறுபடி தடவினார்.

"நாளைக்கு அவிநாசிக்குப் பொண்ணு பாக்கப் போறனுங்க. பொண்ணோட பெரியப்பாவுக்கு மீனுன்னா உசுராம், அவரை மடக்கிட்டா வேலை முடிஞ்சுதுன்னு புரோக்கர் சொன்னாரு. 'நஞ்சுண்டன் மாமாவுக்கு, மனோஜ்குமார்'னு எழுதுங்க. கீழ 'உங்கள் மாப்பிள்ளை'ன்னும் போட்டுருங்க, அது மட்டும் சித்தெ பெருசா இருக்கட்டும்."