தொட்டிக்குப் பின்னால்

தன் ரோஜாச் செடியைத் தானே வெட்ட யாருக்குத்தான் மனசு வரும்? அதனால் குன்னூர் எஸ்தரும், டென்மார்க்கில் குடியிருக்கிற யாழ்ப்பாணத்துத் தவமலரும் ஆறு வருஷமாக ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். கவாத்து நாளில் ஒருத்தி போனில் தோட்டத்தைக் காட்ட வேண்டியது, எங்கே வெட்டுவதென்று மற்றவள் சொல்ல வேண்டியது. சொன்னால் மறுபேச்சு கிடையாது.

இந்த வருஷம் தவமலர் கடைசியாகக் காட்டிய செடி அடிவரை கறுத்துக் கிடந்தது. "இது மகன் நட்டது அக்கா. வெட்டட்டோ?"

அவன் தவறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் விட்டுவைத்தால் நோய் பக்கத்துச் செடிக்கும் தாவும்.

"வேரோட எடுத்துடு மலர்."

தவமலர் தோண்டிப் பிடுங்கிப் போட்டாள். கையுறையாலேயே முகத்தைத் துடைத்தாள். கன்னத்தில் மண் அப்பியது. "இனி உங்கட முறை."

எஸ்தர் வேகவேகமாக நடந்தாள். வேலியோரத்தைக் காட்டினாள், வாசல் வரிசையைக் காட்டினாள், காட்டியதையே மறுபடியும் காட்டினாள்.

"அவ்வளவுதான் மலர்."

"தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒண்டு நிக்குதெல்லோ?"

"அது வெறும் காஞ்ச குச்சி."

"ஒவ்வொரு வருஷமும் அந்தப் பக்கம் வந்தவுடன போனைத் திருப்புறியள். கிட்டக் கொண்டுபோங்கோ அக்கா."

எஸ்தர் கொண்டுபோனாள். இலையே இல்லாத ஒற்றைக் குச்சி. காலையில் ஊற்றிய தண்ணீர் அதன் அடியில் இன்னும் வற்றவில்லை.

தவமலர் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டச் சொல்லவில்லை.

"ஆர் அக்கா நட்டது?"