நாற்பத்தொரு மார்க்கர்கள்

அருணகிரிக்குச் சிறு வயதிலிருந்தே திக்குவாய். வெளிநாட்டில் இருக்கும் மகளின் வளைகாப்புக்குப் போக விசா கிடைக்கவில்லை. வாழ்த்துச் சொல்லிப் பதிவு செய்த வீடியோவை எடுத்துக்கொண்டு, மனைவி பவளத்தோடு எடிட்டர் ஜெசிந்தாவிடம் வந்திருந்தார்.

"மாப்ள வீட்டு ஆளுங்க முன்னாடி போ... போடுவாங்கம்மா. திக்குறதையெல்லாம் எடுத்துருங்க" என்றார்.

ஜெசிந்தா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவர் திக்கிய இடத்திலெல்லாம் அடையாளத்துக்கு ஒரு மார்க்கர் வைத்தாள். நாற்பத்தொன்று வந்தது. ஒவ்வொரு துண்டாகச் செலக்ட் செய்து வெட்டி, ஒட்டுத் தெரியாமல் சேர்த்தாள். நான்கு நிமிடப் பேச்சு இரண்டு நிமிடமானது. திரையில் அருணகிரி தங்குதடையில்லாமல் பேசினார். எதிரே உட்கார்ந்திருந்த அருணகிரி, திரையிலிருந்த அந்த மனிதரைக் கூச்சத்தோடு பார்த்தார்.

பவளத்தின் முகம் மட்டும் தெளியவில்லை.

"எல்லாம் நல்லாருக்கும்மா. பொண்ணு பேரைக் கூப்பிடுற இடத்த மட்டும் பழையபடியே விட்டுரு. பொறந்ததுலேர்ந்து இவரு அவள அப்படித்தான் கூப்பிட்டிருக்காரு. திக்காம கூப்பிட்டா, யாரையோ கூப்பிடுறாருன்னு நெனச்சுக்குவா."

ஜெசிந்தா மவுஸில் கை வைத்தபடி அருணகிரியைப் பார்த்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. சரியென்று தலையை மட்டும் ஆட்டினார்.

பெயர் வரும் இடத்தில் வெட்டிய துண்டை அவள் மறுபடி அதன் இடத்திலேயே வைத்து ஓட விட்டாள்.

"க... க..."

பவளத்தின் உதடுகளும் கூடவே அசைந்தன. பெயர் முழுதாக வந்து சேரும்வரை மூவரும் காத்திருந்தார்கள்.