சத்தம் போடும் சோபா

கடைக்குள் நுழைந்ததிலிருந்து மருமகளின் கையும் மாமனாரின் கையும் கோத்தபடியேதான் இருந்தன. மாமனாருக்கு எண்பதைத் தொடும் வயது. கூட்டத்தில் குழந்தையைப் பிடிப்பது மாதிரிப் பிடித்திருக்கிறாளே, நல்ல மருமகள் என்று மனதுக்குள் மார்க் போட்டார் விற்பனையாளர்.

கடையில் அவருக்குப் பட்டப்பெயர் ‘குஷன்’. எப்பேர்ப்பட்ட முரட்டு ஆசாமி வந்தாலும் அமுங்கிக் கொடுப்பாரே தவிர, ஒரு கடுஞ்சொல் அவர் வாயிலிருந்து வராது.

“இது துணி சோபா சார். கையை வச்சுப் பாருங்க, பஞ்சு மாதிரி இருக்கும். படுத்தா எழுந்திரிக்கவே மனசு வராது.”

கூட வந்திருந்த அவள் கணவர் உட்கார்ந்து பார்த்தார். “இதையே எடுத்துடலாம்மா,” என்றார் மனைவியிடம்.

அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள், எழுந்தாள். கை கோத்திருந்ததால் பெரியவரும் கூடவே உட்கார்ந்து கூடவே எழுந்தார், பாவம்.

“சத்தமே வரலையே!” என்றாள் அவள்.

“அதுதான் மேடம் இதோட ஸ்பெஷல்!” குஷன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

“அப்ப வேண்டாம்.”

அடுத்து லெதர் சோபா. உட்கார்ந்ததும் ‘கிறீச்’ என்றது. அவள் கண்ணை மூடி, சுருதி சரிபார்ப்பவள் போல இன்னொரு முறை உட்கார்ந்து எழுந்தாள். மறுபடியும் ‘கிறீச்’. முகம் மலர்ந்துவிட்டது.

“இதுல வேற கலர் இருக்கா?”

“கருப்பும் பழுப்பும் இருக்கு மேடம். இந்தச் சத்தத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க, பழகப் பழகக் குறைஞ்சிடும்.”

“குறைஞ்சிடுமா?” அவள் பதறிப்போனாள். “குறையாததா ஒண்ணு காட்டுங்க!”

இத்தனை வருஷத்தில் குஷனிடம் யாரும் கேட்காத கேள்வி இது. அவர் கணவரைப் பார்த்தார். கணவரோ தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

“சொன்னாக் கேளும்மா. லெதர் வேர்க்கும், முதுகுல ஒட்டும். புரண்டு படுத்தாலே சத்தம் போடும். தினமும் ஹால்ல இதுல படுத்தா எப்படித் தூக்கம் வரும்?”

“வராட்டிப் பரவாயில்லங்க. ராத்திரி எழுந்தா சத்தம் கேக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

குஷனுக்கு விஷயம் பிடிபட்டது. பெரியவருக்கு இனிமேல் ஹாலில்தான் படுக்கை. அவர் அசைந்தால் காட்டிக்கொடுக்க ஒரு சோபா தேடுகிறாள் இந்த மகராசி. போட்ட மார்க்கையெல்லாம் அங்கேயே கழித்துவிட்டார்.

“கதவைப் பூட்டிக்கலாமே மேடம்?”

“பூட்டாமலா இருப்போம்?” கணவரின் குரல் உடைந்தது. “சாவியை எங்க ஒளிச்சாலும் தேடி எடுத்தாச்சு. கதவுல மணி கட்டினோம், அதையும் கழட்டி வச்சாச்சு. இருக்கிற வீட்டை விட்டுட்டு, வீட்டுக்குப் போறேன்னு கிளம்புறது. போன வாரம் பெரிய ரோட்டுக்கு நடுவுல. லாரிக்காரர் பிரேக் போட்டதால உயிர் மிஞ்சுச்சு.”

பெரியவர் காலடியில் கிடந்த தரைவிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகள் லெதரைத் தட்டிப் பார்த்தாள். “இதுல வேற கலர் இருக்கா?”

“இப்பத்தானேம்மா சொன்னாரு,” என்றார் பெரியவர். “கருப்பும் பழுப்பும்.”

ஒரே கேள்வியைப் பத்து தரம் கேட்காத வாடிக்கையாளர் எந்தக் கடைக்கு வருகிறார்? குஷன் ஆச்சரியப்பட்டதெல்லாம் பெரியவரைப் பார்த்துத்தான். இன்றைக்குத் தெளிவாக இருக்கிறார் போல.

கணவர் கிட்டத்தட்டக் கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார். “துணியே வாங்கலாம்மா. படுக்கையாவது மெத்துனு இருக்கட்டும். ராத்திரி நான் முழிச்சிருந்து பாத்துக்கறேன்.”

“போன வாரமும் இதைத்தான் சொன்னீங்க. நாளெல்லாம் உழைச்சிட்டு வந்து எத்தனை ராத்திரி முழிச்சிருப்பீங்க? அசந்த நேரத்துல வெளிய போயிட்டா, ரோட்டுல வாரி எடுக்கப் போறீங்களா?” அவள் உதடு துடித்தது. “முதுகு ஒட்டினா ஒட்டட்டும். தூக்கம் கெட்டா கெடட்டும். உயிரோட இருந்தாப் போதும்.”

இதற்கு மேல் குஷனால் முடியவில்லை. இத்தனை காலம் அமுங்கியே கிடந்த ஸ்பிரிங் எம்பிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

“தப்பா நினைக்காதீங்க மேடம். பெரியவரைப் பக்கத்துல வச்சுக்கிட்டே இப்படிப் பேசுறீங்களே, அவருக்கு மனசு வலிக்காதா? வந்ததுல இருந்து அவர் கையைக்கூட விடலை நீங்க. கொஞ்சம் விடுங்க. கடைக்குள்ள இருந்து எங்க ஓடிடப் போறாரு?”

கணவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. குஷனை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். அப்புறம் லெதரை ஆசையாகத் தடவிக்கொடுத்தாள்.

“இதுல வேற கலர் இருக்கா?”

குஷன் அவள் முகத்தையும் கோத்திருந்த கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

பெரியவர் மருமகளை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“கையைப் பிடிச்சிருக்கிறது அவ இல்ல தம்பி. நான்.”