முறைக்காவல்

சத்தியபாய் தொண்டை கிழியப் பாடிக்கொண்டே மலையேறினாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில்கூட அவள் வாயைத் திறந்து பாடி யாரும் கேட்டதில்லை.

"ஏட்டி, மரம் வெட்டுகவனப் பிடிக்கப் போறோமா, பஜனைக்குப் போறோமா?" என்றார் முன்னால் நடந்த காட்டுக் கார்டு யேசுரத்தினம்.

"பயமாட்டு இருக்கு அண்ணே. பாடினா கொஞ்சம் தைரியம் வரும்."

பயம் உண்மைதான். மேலே சரிவில் கோடாலிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் அவள் குரலை இன்னும் உயர்த்தினாள்.

சர்க்காரின் ரிசர்வ் காட்டில் வயலுக்குத் தழையும் அடுப்புக்குச் சுள்ளியும் ஊர்க்காரர்கள் எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு, வீட்டுக்கு ஒருவர் முறை வைத்து கார்டோடு காவல் போகவேண்டும். பச்சை மரத்தில் எவன் கை வைத்தாலும் அவன் வீட்டுக்கு அந்த வருஷம் தழை கிடையாது. ஊரே கூடி ஒப்புக்கொண்ட கட்டுப்பாடு அது. தழை போடாத வயலில் நெல் எங்கே விளையும்?

இன்றைக்கு அவள் வீட்டு முறை. காவலுக்கு வரவேண்டிய புருஷன் ஞானையன், கஞ்சிகூடக் குடிக்காமல் கோடாலியோடு கிளம்பிப் போய்விட்டான். நேற்று உழவில் கலப்பையின் ஏர்க்கால் முறிந்துபோயிருந்தது. வடசேரிச் சந்தைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கக் கையில் காசில்லை. பாவி மனுஷன், இங்கேதான் வந்திருப்பான்.

அவள் கீர்த்தனையின் அடுத்த சரணத்தைப் பிடித்தாள். சத்தம் கேட்டு ஓடிப்போகட்டும், கர்த்தாவே.

யேசுரத்தினம் நின்று, விசிலை எடுத்து நீளமாக ஊதினார். கொஞ்சதூரம் போய் மறுபடியும் ஊதினார்.

"எதுக்கண்ணே விசிலு?"

"ஆனை நிக்கும். ஒதுங்கிப் போட்டும்."

இந்தச் சரிவில் ஆனையா? பிறந்ததிலிருந்து அவள் கேள்விப்பட்டதில்லை. இருந்தாலும் ஊதட்டும், இன்னும் நன்றாக ஊதட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கோடாலிச் சத்தம் நின்றது. சருகுகளை மிதித்துக்கொண்டு யாரோ ஓடினார்கள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, பாதி வெட்டுப்பட்ட வேங்கை மரத்தடியில் ஒரு கோடாலி மட்டும் கிடந்தது. சத்தியபாய் பாய்ந்து போய் அதைத் திருப்பிப் பார்த்தாள். ஞானையனின் கோடாலிப் பிடியில் அவளே கயிறு சுற்றிக் கொடுத்திருந்தாள். இந்தப் பிடியில் கயிறு இல்லை.

அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"அண்ணே, கர்த்தர் என்னை மன்னிக்கட்டும். எங்க வீட்டுக்காரரு ஓடித் தப்பட்டும்னுதான் நான் பாடினேன். ஆனா இது அவருக்க கோடாலி இல்ல."

யேசுரத்தினம் கோடாலியைக் கையில் வாங்கினார். பிடியில் இருந்த பழைய வெட்டுக்குறியை, தெரிந்தவர்போல விரலால் தடவினார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் சுற்றினார்.

"நானும் ஆனைக்கு ஊதல்ல, மக்கா. எனக்க தம்பிக்குத்தான் ஊதினேன்."